உளுந்துக்கு ஜாதகம் எழுதும் டிராம்பே

மும்பை: பொழுது விடியும் முன்பே தாராவியின் சந்துகளில் இட்லிக் கொப்பரைகள் அடுப்பேறி விடுகின்றன. தமிழகத்தின் தென் மாவட்டங்களில் இருந்து பிழைப்புத் தேடி வந்து, இரண்டு மூன்று தலைமுறைகளாக இங்கேயே வேரூன்றிவிட்ட குடும்பங்கள் அவித்தெடுக்கும் இட்லிகள், அலுமினியப் பாத்திரங்களில் நிரம்பி, சைக்கிள்களிலும் தலைச்சுமையாகவும் மாதுங்கா, சயான், செம்பூர் எனப் பல திசைகளுக்கும் புறப்படுகின்றன. அந்த மாவில் கலந்துள்ள உளுந்து எங்கே விளைந்தது என்று கேட்டால் விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் அக்கறையில்லை. மியான்மரில் இருந்து கப்பலில் வந்ததாக இருக்கலாம். விதர்பாவிலோ மராத்வாடாவிலோ மானாவாரி நிலத்தில் விளைந்ததாகவும் இருக்கலாம்.

மகாராஷ்டிரத்தில் விளைந்த உளுந்து என்றால், அதன் பூர்வீகம் தாராவியில் இருந்து பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் தொலைவுக்குள் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. செம்பூரைத் தாண்டிக் கடலோரமாக, டிராம்பே குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது பாபா அணு ஆராய்ச்சி மையம். அந்த மையம் அகோலா வேளாண் பல்கலைக்கழகத்துடன் இணைந்து உருவாக்கி, 1985-ல் வெளியிட்ட ரகம் "டிஏயு-1". டிராம்பே, அகோலா, உளுந்து ஆகிய மூன்றின் முதலெழுத்துகளும் பெயரிலேயே அடக்கம். பல ஆண்டுகள் அம்மாநில உளுந்துப் பரப்பின் பெரும்பகுதியில் இந்த ஒரு ரகமே பயிரானது.

அணு உலைகளின் பெயரால் அறியப்பட்ட ஒரு நிறுவனம் உளுந்து விதைப்பது ஏன் என்ற கேள்வி எழுவது இயல்பே. விதைகளைக் காமா கதிர்வீச்சுக்கோ எக்ஸ் கதிருக்கோ உட்படுத்தினால், அவற்றின் மரபணுக்களில் ஆங்காங்கே எழுத்துப் பிழைகள் போன்ற மாற்றங்கள் நிகழ்கின்றன. அவற்றைச் சடுதிமாற்றம் என்பர். பெரும்பாலானவை பயிருக்குக் கேடு. பல செடிகள் முளையிலேயே கருகும். தப்பிப் பிழைத்தவற்றின் விதைகளைச் சேகரித்து அடுத்த தலைமுறையை விதைக்கும்போதுதான், மறைந்திருந்த பண்புகள் வெளிப்படத் தொடங்குகின்றன. ஆயிரக்கணக்கான செடிகளுக்கு நடுவே குட்டையாக ஒன்று, பருமணியாக ஒன்று, பத்து நாள் முன்னதாக முதிர்ந்து ஒன்று எனக் கண்ணில் படும். அதைத் தனியே எடுத்துப் பல தலைமுறைகள் வளர்த்து, பிற ரகங்களுடன் கலந்து, பல ஊர்களில் பரிசோதித்த பிறகே ரகமாக வெளியிட முடியும்.

இந்த முறையில் டிராம்பே முதன்முதலில் கண்ட பலன் நிலக்கடலைதான். எக்ஸ் கதிரில் பிறந்த பருமணிக் கடலையான "டிஜி-1" 1973-ல் வெளியானது. 1991-ல் வந்த "டிஏஜி-24" என்னும் குட்டைச் செடி ரகம், புதிய கடலை ரகங்களை எடைபோடப் பக்கத்தில் விதைக்கப்படும் ஒப்பீட்டு ரகமாகவே இடம் பிடித்துவிட்டது. இன்று இம்மையத்தின் கணக்கில் 70-க்கும் மேற்பட்ட பயிர் ரகங்கள் உள்ளன. திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட "காவேரி வாமன்" என்னும் குட்டை வாழையும் 2025-ல் இப்பட்டியலில் சேர்ந்தது. விவசாயிகள் ஜி-9 என அழைக்கும் கிராண்ட் நைன் வாழையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திப் பெறப்பட்ட ரகம் இது. காற்றுக்குச் சாயாத, முட்டுக்கழி வேண்டாத குட்டை மரத்துக்கு வாமனன் பெயரைச் சூட்டியவருக்கு நல்ல தமிழ்க் காது இருந்திருக்க வேண்டும். மாவலியின் கதையை அவர் மறந்திருக்க மாட்டார் என நம்பலாம்.

பேர் உண்டு, கதவு எண் இல்லை: உலகெங்கும் இவ்வாறு உருவான ரகங்களுக்கு ஒரு பொதுப் பதிவேடு உள்ளது. ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பும் சர்வதேச அணுசக்தி முகமையும் இணைந்து வியன்னாவில் இருந்து பராமரிக்கும் சடுதிமாற்ற ரகங்களின் தரவுத்தளம் அது. 200-க்கும் மேற்பட்ட தாவர இனங்களைச் சேர்ந்த சுமார் 3,400 ரகங்கள் அதில் பதிவாகியுள்ளன. டிராம்பேயின் கடலையும் உளுந்தும் அவற்றில் அடங்கும். ரகத்தின் பெயர், தாய் ரகம், செலுத்தப்பட்ட கதிர்வீச்சு, வெளியான ஆண்டு, மேம்பட்ட பண்பு ஆகியவற்றை அங்கே காணலாம்.

ஆனால், கோடிக்கணக்கான எழுத்துகளில் எந்த எழுத்து மாறியதால் செடி குட்டையானது என்ற கேள்விக்கு அதன் பெரும்பாலான பதிவுகளில் விடை இல்லை. பேர் உண்டு, ஊர் உண்டு, தெரு வரைக்கும் உண்டு. கதவு எண் மட்டும் இல்லை என்பது போலத்தான். அந்தப் பதிவேடு தொடங்கிய காலத்தில் கதவு எண்ணைக் கண்டுபிடிக்கும் வழியும் இல்லை. பண்பைக் கண்ணால் கண்டால் போதும், காரணம் பின்னால் வரட்டும் என்பதே அக்காலப் பயிர்ப் பெருக்க விஞ்ஞானிகளின் நியாயம். பசிக்கிற நாட்டில் அது தவறான நியாயமும் அல்ல.

மரபணுத் தொகுதிகளை முழுமையாகப் படித்தறியும் தொழில்நுட்பம் வந்த பின்னர் நிலைமை மாறியது. இன்ன மரபணுவில், இன்ன இடத்தில், இன்ன மாற்றம் இருந்தால் இன்ன பண்பு உண்டாகும் என்று ஆதாரத்துடன் பதிவு செய்யும் தரவுத்தளங்கள் ஒவ்வொரு பயிருக்கும் கால்நடைக்கும் தோன்றத் தொடங்கின. ஜாதகக் கட்டத்தில் கிரகங்களைக் குறித்து வைப்பது போல என்று எளிமையாகச் சொல்லலாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: இந்த ஜாதகத்தை எழுதியவரை, இதற்கு என்ன ஆதாரம் என்று யாரும் கேட்கலாம், அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

பதிவாளரின் வேலை: இத்தகைய தரவுத்தளத்துக்கு உயிர் கொடுப்பவர் அதன் பதிவாளர். வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படிப்பது, அவற்றில் கூறப்படும் மாற்றம் மரபணுத் தொகுதியின் எந்தப் பதிப்பில் எந்த எண்ணில் உள்ளது எனச் சரிபார்ப்பது, ஆதாரத்தின் வலிமையைக் குறிப்பது ஆகியவை அவரது அன்றாடப் பணி. இரண்டு விஷயங்கள் சேர்ந்தே காணப்படுகின்றன என்று புள்ளிவிவரம் சொல்வது ஒன்று. மரபணுவை மாற்றிப் பார்த்தபோது பண்பும் மாறியது என்று சோதனை சொல்வது வேறொன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டால் பதிவேட்டினால் பயனில்லை.

பெயர்க் குழப்பம் இன்னொரு தலைவலி. ஒரே மரபணுவுக்கு ஜப்பானிய ஆய்வாளர் ஒரு பெயரும், அமெரிக்க ஆய்வாளர் மற்றொரு பெயரும் சூட்டியிருப்பார்கள். மரபணுத் தொகுதியின் புதிய பதிப்பு வந்ததும் பழைய எண்கள் அனைத்தும் இடம் மாறிவிடும். வார்டு எல்லைகளை மாற்றி அமைத்த பிறகு வாக்காளர் பட்டியலைத் திருத்துவதற்குச் சமமான வேலை இது. கணினி பாதியைச் செய்யும். மீதியை மனிதக் கண்தான் செய்தாக வேண்டும். இதற்குப் பரிசோ பாராட்டோ அரிது. புதிய கண்டுபிடிப்புக்கு நிதி தருவோர், பழைய கண்டுபிடிப்புகளை ஒழுங்குபடுத்தி வைப்பதற்குக் கை சுருக்குவது உலகெங்கும் உள்ள வழக்கம்.

பதிவேட்டினால் வயலுக்கு என்ன ஆதாயம் என்பதற்கு நெல்லே சான்று. ஒரு கதிரில் எத்தனை மணி என்பதைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் அடையாளம் கண்டனர். அதன் செயல்பாடு குறைந்தால் மணிகளின் எண்ணிக்கை கூடுகிறது என்பது அவர்களின் முடிவு. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, ஹைதராபாதில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதே மரபணுவைச் சம்பா மசூரி ரகத்தில் திருத்தி "கமலா" என்ற ரகத்தை உருவாக்கியது. தில்லியின் பூசா நிறுவனம் வேறொரு மரபணுவைத் திருத்தி உருவாக்கிய ரகத்துடன் சேர்த்து, 2025 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌஹான் அதனைத் தில்லியில் அறிமுகப்படுத்தினார். அவற்றின் வயல்வெளி ஆய்வுப் புள்ளிவிவரங்கள் குறித்துச் சில அமைப்புகள் எழுப்பிய ஐயங்களை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் மறுத்துள்ளது. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், எந்த எழுத்தைத் திருத்துவது என்ற தகவல் பொதுவெளியில் பதிவாகி இருந்ததால்தான் திருத்தவே முடிந்தது.

கடலையிலும் இதே கதைதான். எண்ணெயில் ஓலிக் அமிலம் மிகுந்திருந்தால் எண்ணெய் விரைவில் காறாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1980-களில் கண்டறியப்பட்ட ஒரு கடலையில் அந்தப் பண்பு இருந்தது. அதற்குக் காரணமான இரு மரபணு மாற்றங்களும் பின்னர் பதிவாயின. அந்த அடையாளத்தை வைத்து நாற்றுப் பருவத்திலேயே செடிகளைத் தேர்ந்தெடுத்ததன் பலனாக, "கிர்னார்-4", "கிர்னார்-5" என்னும் இரு ரகங்கள் 2020-ல் இந்தியாவில் வெளியாயின. செடி வளர்ந்து, காய்த்து, எண்ணெய் பிழிந்து பார்க்கும் வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது.

காட்டு உளுந்து தந்த வரம்: நெல்லுக்கும் கோதுமைக்கும் உள்ள இந்தப் பாக்கியம் உளுந்துக்கு இல்லை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் உளுந்து உண்பதில்லை. ஆகவே அங்கே அதற்கு ஆராய்ச்சிப் பணமும் இல்லை. இட்லி, தோசை, பப்படம், தால் மக்கனி ஆகியவற்றின் எதிர்காலத்தைத் தெற்காசியாவும் தென்கிழக்கு ஆசியாவும்தான் கவனித்துக் கொண்டாக வேண்டும். தமிழகத்தில் புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள பயறுவகை ஆராய்ச்சி மையம் ரகங்களைத் தொடர்ந்து தந்து வருகிறது. மரபணு முகவரி தேடும் வேலையில் டிராம்பேக்குத் தனியிடம் உண்டு.

உளுந்து விவசாயியின் பகைகளில் இரண்டு கொடியவை. ஒன்று, வெள்ளை ஈயால் பரவும் மஞ்சள் தேமல் நோய். அது வயலில் தாக்கும். மற்றொன்று பயறு வண்டு. அறுவடை முடிந்து, காசு கைக்கு வரும் வேளையில், சேமித்த மூட்டைக்குள் இருந்து கிளம்பும். வண்டு பருப்பின்மீது முட்டையிடும். புழு உள்ளே துளைத்துச் சென்று தின்று, முழு வண்டாக வெளியே வரும். சில மாதங்களில் மூட்டை முழுதும் துளையும் மாவுமாகிவிடும். உண்பதற்கும் ஆகாது, விதைப்பதற்கும் ஆகாது. உளுத்துப் போவது என்று தமிழில் சொல்வது இதைத்தான். அந்த அச்சத்தாலேயே சிறு விவசாயி அறுவடைக் காலத்து மலிவு விலைக்கு உளுந்தைத் தள்ளிவிடுகிறார். விலை ஏறும் மாதங்களில் அவரிடம் சரக்கு இருப்பதில்லை. வண்டுக்குப் பயந்து விற்கும் அந்த மூட்டையில்தான் இடைத்தரகரின் லாபம் இருக்கிறது.

இந்த வண்டுக்கு எதிரான மருந்து காட்டு உளுந்தில் இருந்தது. பயிரிடப்படும் உளுந்தின் முன்னோரான அந்தக் காட்டு வகையில் "டிராம்பே காட்டு உளுந்து" என்றே பெயர் பெற்ற வித்து, வண்டு எதிர்ப்புத் திறன் கொண்டதாகத் தில்லியில் உள்ள தேசியத் தாவர மரபுவள வாரியத்தில் பதிவு செய்யப்பட்டுள்ளது. தென் மாநிலங்களுக்கென 1999-ல் வெளியிடப்பட்ட "டியு 94-2" என்னும் டிராம்பே ரகத்தை இந்தக் காட்டு உளுந்துடன் கலந்தனர் விஞ்ஞானிகள். அதில் பிறந்த சந்ததிகளைப் பல தலைமுறைகள் வளர்த்து, ஒவ்வொன்றின் பருப்பையும் வண்டுக்குத் தீனியாகக் கொடுத்து, எத்தனை வண்டுகள் வெளியே வருகின்றன, எத்தனை நாளில் வருகின்றன என்று எண்ணினர். வண்டின் எண்ணிக்கையைக் குறைக்கும் இரண்டு மரபிடங்களும், அது வளர்ந்து வெளிவரும் காலத்தை நீட்டிக்கும் ஆறு மரபிடங்களும் இருப்பதாக 2010-ல் ஆய்வு முடிவு வெளியானது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மரபிடம் என்பது மரபணு அல்ல. அது ஒரு தெருவைக் காட்டுகிறது. அந்தத் தெருவில் நூற்றுக்கணக்கான வீடுகள் இருக்கலாம். சரியான வீட்டைக் கண்டுபிடிக்க முழு வரைபடம் வேண்டும். 2021-ல் டிராம்பே விஞ்ஞானிகள் "பந்த் உளுந்து-31" என்ற ரகத்தின் மரபணுத் தொகுதியின் முதல் வரைவை வெளியிட்டனர். சுமார் 47 கோடி எழுத்துகள், 42 ஆயிரம் மரபணுக்கள் அடங்கிய வரைவு அது. உளுந்தின் மரபணுத் தொகுதியில் ஐந்தில் நான்கு பங்கு அதில் அடங்கும் என மதிப்பிடப்பட்டது. நோய் எதிர்ப்புடன் தொடர்புடைய மரபணுக்களைத் தேடுவதில் அதில் தனிக்கவனம் செலுத்தப்பட்டிருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் தாய்லாந்து விஞ்ஞானிகளும் மற்றொரு வரைபடத்தை வெளியிட்டனர்.

காட்டு உளுந்திடம் இருந்து பண்பை வாங்கும்போது வேண்டாத சரக்கும் கூடவே வந்து சேரும். சிறுமணி, வெடித்துச் சிதறும் காய், படரும் கொடி ஆகியவை காட்டுச் செடிக்கு வாழ்வு; விவசாயிக்கோ நட்டம். தெருவை மட்டும் அறிந்திருந்தால் தெருவில் உள்ள அனைவரையும் வீட்டுக்கு அழைத்து வர வேண்டியதுதான். கதவு எண் தெரிந்தால் ஒருவரை மட்டும் அழைத்து வரலாம். பதிவேட்டில் எண்ணைத் துல்லியமாகக் குறிப்பதில் இத்தனை கண்டிப்பு காட்டப்படுவது இதனால்தான்.

வங்கத்து ஆடு, ஆஸ்திரேலியப் பதிவு: கால்நடைகளுக்கான பதிவேடுகளில் முதன்மையானது ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் உள்ளது. அங்குப் பேராசிரியராக இருந்த ஃபிராங்க் நிக்கோலஸ் 1978-ல் தொடங்கிய தொகுப்பு, 1995-ல் இணையத்துக்கு வந்தது. மனிதர்களின் மரபுநோய்களுக்கு அமெரிக்க மருத்துவர் விக்டர் மக்குசிக் உருவாக்கிய புகழ்பெற்ற தொகுப்பே அதற்கு முன்மாதிரி. மாடு, ஆடு, நாய், கோழி எனப் பல விலங்குகளின் மரபுப் பண்புகளும், அவற்றுக்குக் காரணமான மாற்றங்களும் அதில் இனம் வாரியாகப் பதிவாகியுள்ளன. அதில் உள்ள ஒரு பதிவின் கதை கொல்கத்தாவில் தொடங்கி, மகாராஷ்டிரத்தில் வந்து நிற்கிறது.

ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில் பூரூலா என்ற பண்ணையில் செம்மறிகள் வழக்கத்துக்கு மாறாக இரண்டும் மூன்றுமாகக் குட்டிகள் ஈன்றன. ஒரே மரபணுதான் இதற்குக் காரணம் என்பது 1980-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. எந்த மரபணு, எந்த எழுத்து என்பதை 2001-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. ஒரே ஓர் எழுத்து மாறியதால், கருமுட்டை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அடுத்த ஆண்டே, மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் சதுப்பு நிலத்தில் மேயும் காரோல் என்னும் குள்ளச் செம்மறியிலும் அதே மாற்றம் இருப்பது உறுதியானது. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் இருந்து சிட்னிக்குக் கப்பலேறிய வங்கத்து ஆடுகளின் வழியாகவே இந்த மரபணு ஆஸ்திரேலியாவை அடைந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பெயர் மட்டும் பூரூலா என்றே நிலைத்துவிட்டது.

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டம் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலேயே காரோல் ஆடுகளை வாங்கி வந்து, தக்காணி செம்மறிகளுடன் கலக்கத் தொடங்கியிருந்தது. புணேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகமும் ஆஸ்திரேலிய நிறுவனங்களும் துணை நின்றன. மரபணுவின் கதவு எண் தெரிந்த பிறகு வேலை எளிதானது. எந்தக் கிடாயிடம் அந்த எழுத்து உள்ளது என்பதை இரத்தச் சோதனையிலேயே அறிந்துகொள்ள முடிந்தது. அதன் மகள்கள் குட்டி ஈனும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. "நாரி சுவர்ணா" என்ற செம்மறி வகை இவ்வாறு உருவானது.

ஆனால், பதிவேட்டில் இருப்பது பண்பு. அதன் விலையைத் தருவது மேய்ப்பர். இரட்டைக் குட்டி என்றால் பால் இரட்டிப்பாக வேண்டும். தங்கர் சமூகத்து மேய்ப்பர்கள் மழைமறைவுப் பகுதிகளில் மந்தையை நெடுந்தொலைவு நடத்திச் செல்பவர்கள். வறட்சியில் தாய் மெலிந்தால் இரண்டு குட்டிகளும் நலிந்து, ஒன்றும் தேறாமல் போகக்கூடும். அந்த மரபணுவின் ஒரு பிரதியைப் பெற்ற ஆடு இரட்டைக் குட்டி ஈனும். இரண்டு பிரதிகளைப் பெற்றால் மூன்று குட்டிகள்கூடப் பிறக்கும். மூன்று என்பது அந்த நிலத்துக்குத் தாங்காது. எனவே ஆடுகளுக்குக் கூடுதல் தீவனமும் குட்டிகளுக்குத் தனிக் கவனிப்பும் சேர்ந்தே போக வேண்டும் என்பது பல்டனில் கிடைத்த பாடம். செம்பூரை அடுத்த தேவ்னார் இறைச்சிக்கூடத்துக்கும், அங்கிருந்து தாராவியின் தோல் பட்டறைகளுக்கும் நீளும் வணிகச் சங்கிலியின் முதல் கண்ணியில் இருப்பவர் இந்த மேய்ப்பரே. ஒரு குட்டி கூடுதலாகத் தேறினால், அது அவருக்கு அந்த ஆண்டின் பள்ளிச் செலவு.

பால் பாக்கெட்டில் மரபணு: பதிவேடு சொல்லாததைச் சொன்னதாகக் கூறி வணிகம் செய்வோரும் உண்டு. மாதுங்காவிலும் செம்பூரிலும் மட்டுமல்ல, நாட்டின் எல்லா நகரங்களிலும் "ஏ-2 பால்" என்ற பெயரில் கூடுதல் விலைக்குப் பால் விற்கப்படுகிறது. பாலில் உள்ள பீட்டா கேசின் என்னும் புரதத்தின் 67-வது இடத்தில் புரோலின் இருந்தால் ஏ-2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ-1. நாட்டு மாடுகளில் ஏ-2 வகையே மிகுதி என்பதும் ஆய்வுகளில் தெரியவந்த உண்மை. இதுவரை சிக்கல் இல்லை.

ஏ-1 பால் நோய் தரும், ஏ-2 பால் காக்கும் என்ற அடுத்த தாவலில்தான் ஆதாரம் வழுக்குகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் இதை ஆராய்ந்து, நோய்களுக்கும் இப்புரதத்துக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை எனக் கூறியது. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2024 ஆகஸ்ட் 21-ம் தேதி, பால் பொருள்களின் உறைகளில் இருந்து ஏ-1, ஏ-2 குறிப்புகளை நீக்குமாறு உத்தரவிட்டது. ஐந்தே நாளில், மேலும் கலந்தாலோசிக்க வேண்டியுள்ளதாகக் கூறி உத்தரவைத் திரும்பப் பெற்றது. புரதத்தில் ஏற்படும் மாற்றம் வரைக்கும் உறுதி. உடல்நலம் பற்றிய கூற்று உறுதியில்லை என இரண்டையும் பிரித்து எழுதுவதே நல்ல பதிவாளரின் வழக்கம். உறையில் அச்சிடுபவருக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை.

கறவை மாடுகளின் மரபணுத் தேர்வில் மத்திய அரசு ஆர்வம் காட்டி வருகிறது. நாட்டு மாடுகளுக்கென "இண்டிகௌ" என்னும் மரபணுச் சில்லு 2021-ல் வெளியானது. மாட்டுக்கும் எருமைக்குமான சில்லுகளை மகாராஷ்டிரத்தின் வாஷிமில் 2024 அக்டோபர் 5-ம் தேதி பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். சில்லு வெறும் கேள்வித்தாள். பதில்களுக்குப் பொருள் சொல்லப் பல்லாயிரம் மாடுகளின் பால் அளவு, கன்று ஈனும் இடைவெளி, நோய் வரலாறு ஆகியவை எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு மூன்று மாடுகளை வைத்திருப்பவர்களே மிகுந்த நாட்டில், தொழுவத்துக்குத் தொழுவம் சென்று அதை எழுதுவதுதான் கடினமான பகுதி.

யாருடைய எழுத்து: இத்தனை பதிவேடுகளில் பெரும்பாலானவை வெளிநாடுகளில் இருக்கின்றன. பாதுகாப்பான இடத்தில், எவரும் இலவசமாகப் படிக்கும்படி இருப்பது நன்மையே. எனினும், தகவலின் மூலவர்கள் யார் என்ற கேள்வி தில்லியில் தொடர்ந்து எழுப்பப்படுகிறது. வெள்ளத்தில் இரண்டு வாரங்கள் மூழ்கியும் பிழைக்கும் நெல்லின் ரகசியம், ஒடிசாவின் பாரம்பரிய நெல்லில் இருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட "எஃப்.ஆர். 13ஏ" என்ற வகையில் இருந்தது. அதற்குக் காரணமான மரபணுவை 2006-ல் அமெரிக்க, பிலிப்பின்ஸ் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2009-ல் அது "ஸ்வர்ணா சப்-1" என்ற ரகமாக ஒடிசாவுக்கே திரும்பி வந்தது. விவசாயிகள் பயன் பெற்றனர். எல்லா மரபணுக்களும் இப்படி வீடு திரும்புவதில்லை.

முன்பெல்லாம் விதையை எடுத்துச் செல்லாமல் பண்பை எடுத்துச் செல்ல முடியாது. எனவே விதைக்குக் காவல் போட்டால் போதுமானதாக இருந்தது. இன்று எழுத்து வரிசை கணினியில் இருந்தால், விதையைத் தொடாமலேயே இன்னொரு நாட்டு ஆய்வகத்தில் அந்தப் பண்பை எழுதிவிடலாம். 2002-ல் இயற்றப்பட்ட பல்லுயிர்ச் சட்டம் இதை எதிர்பார்க்கவில்லை. அச்சட்டம் 2023-ல் திருத்தப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட பயன்பகிர்வு ஒழுங்குமுறைகளில் எண்முறை மரபணு வரிசைத் தகவலும் இடம் பெற்றது. உலக அளவில், கொலம்பியாவின் காலி நகரில் 2024-ல் நடந்த பல்லுயிர் மாநாட்டின் முடிவுப்படி, இத்தகவலால் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் லாபத்தில் 1 சதவீதமோ வருவாயில் 0.1 சதவீதமோ செலுத்துவதற்காக "காலி நிதி" 2025 பிப்ரவரியில் ரோமில் தொடங்கப்பட்டது. அதில் பாதியாவது பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் சேர வேண்டும் என்பது விதி. செலுத்துவது கட்டாயம் என்பது மட்டும் விதியாகவில்லை.

உள்நாட்டில் தகவலைச் சேமிக்க ஹரியாணாவின் ஃபரீதாபாதில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அரசு நிதியில் நடைபெறும் ஆய்வுகளின் மரபணுத் தகவல்கள் அங்கே சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். தில்லி பூசா வளாகத்தில் உள்ள தேசியத் தாவர மரபுவள வாரியத்தின் குளிர்பதன அறைகளிலோ 4.5 லட்சத்துக்கும் மேற்பட்ட வித்து மாதிரிகள் உறங்குகின்றன. ஒரு கட்டடத்தில் விதை, மற்றொன்றில் எழுத்து. இரண்டையும் இணைத்து, இந்த விதையில் இந்த எழுத்து, அதனால் இந்தப் பண்பு என்று வரி வரியாகச் சரிபார்த்து எழுதும் பதிவாளர்களுக்கான பணியிடங்களை உருவாக்குவதே அடுத்த வேலை.

இதற்கிடையே, பாரம்பரிய வித்துகளைக் காத்த விவசாயிகளுக்கு ஒரு சிறு ஏற்பாடு முன்பே உள்ளது. 2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள், விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தேசிய மரபணு நிதியில் இருந்து ஆண்டுதோறும் ஐந்து சமூகங்களுக்குத் தலா ரூ. 10 லட்சம் வரை விருதாக வழங்க வழி செய்யப்பட்டுள்ளது. அந்த ஏற்பாடு பயிர்களுக்கு மட்டுமே. சுந்தரவனத்துக் காரோல் ஆட்டை இத்தனை தலைமுறைகளாக வளர்த்தவர்கள் அதில் விண்ணப்பிக்க முடியாது.